பால் சேரவில்லை என்று சொல்லுமுன்

குழாய் வழியே உணவு பெறும் குழந்தை வாந்தியெடுத்தால் வீட்டில் முதலில் எழும் சொல், "பால் சேரவில்லை" என்பதே. பாட்டி சொல்வார், பார்க்க வந்த அண்டை வீட்டார் சொல்வர், குழந்தையின் ஞானத்தாயும் வந்த இடத்தில் அதையே சொல்லிவிட்டுப் போவார். அன்றிரவே ஊட்டும் அளவு குறைக்கப்படுகிறது. மறுநாளும் வாந்தி கண்டால் ஒரு வேளை ஊட்டுவது நிறுத்தப்படுகிறது. வாந்தி குறைவது உண்மைதான். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது எது வெளியே வரும்? ஆனால் இரண்டு மாதங்கள் கழித்துக் குழந்தையை எடைபோடும்போதுதான், வாந்தியோடு சேர்ந்து குழந்தையின் சதையும் குறைந்திருப்பது தெரியவருகிறது.

இதனை ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஐந்து வேளை, வேளைக்கு 200 மில்லிலிட்டர், ஆக 1000 மில்லிலிட்டர் என மருத்துவர் குறித்துக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு ஒரு கலோரி தரும் உணவு அது. அஞ்சிய தாய் மூன்று வேளைகளில் 50 மில்லிலிட்டர் வீதம் குறைத்துவிட்டால், நாளுக்கு 150 கலோரி போயிற்று. ஒரு மாதத்தில் 4500 கலோரி. அது நான்கரை நாள் முழுப் பட்டினிக்குச் சமம். எவரும் அந்தக் குழந்தையைப் பட்டினி போட எண்ணவில்லை. ஆயினும் அது பட்டினி கிடந்திருக்கிறது.

நம் பங்குக் குடும்பங்களிலும் இத்தகைய குழந்தைகள் உண்டு. மூளை முடக்குவாதத்தால் விழுங்க இயலாதவர்கள், குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சிக் குடிக்கும் வலுவில்லாதவர்கள், பிறவி இதயநோயால் பால் குடிக்கும்போதே களைத்துப் போகிறவர்கள், உணவுக்குழாயில் அறுவை செய்யப்பட்டவர்கள் எனப் பலர். சிலருக்கு மூக்கு வழியே வயிறுவரை செல்லும் மெல்லிய குழாய். நம் மருத்துவமனைகளில் 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்வார்களே, அதுதான். நெடுங்காலம் தேவைப்படுவோர்க்கு வயிற்றின் மேல் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் குழாய் வைப்பர். முன்பெல்லாம் இதற்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்யவேண்டியிருந்தது. 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் கௌடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள், வாய்வழியே இறக்கும் உள்நோக்குக் கருவியின் துணைகொண்டு வயிற்றைத் திறக்காமலேயே குழாய் வைக்கும் முறையைக் கண்டனர். இன்று முதியவர்களுக்கே பெரும்பாலும் செய்யப்படும் இந்தச் சிகிச்சை, முதன்முதலில் நாலரை மாதக் கைக்குழந்தை ஒன்றுக்காகச் செய்யப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. 'பெக் டியூப்' என்று இப்போது சொல்லப்படுவது இதுவே.

எந்தக் குழாயாயினும், உணவு ஒத்துக்கொள்ளாமை என்பது வாந்தி, ஓங்கரிப்பு, வயிற்றுப் பொருமல், வயிற்றுப்போக்கு, ஊட்டும்போது நெளிந்து அழுதல் ஆகிய வடிவங்களில் வெளிப்படும். இவற்றுக்குப் பாலே காரணமாக இருப்பது உண்டு. ஆனால் வரிசையில் அது கடைசியில் நிற்பது. அதற்கு முன்னே பார்க்கவேண்டியவை பல. அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே பார்க்கக் கூடியவை.

குழாய் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா?

இது முதற்கேள்வி. ஏனெனில் இதில் பிசகினால் உயிருக்கே ஆபத்து. மூக்குக் குழாய் இருமலிலோ வாந்தியிலோ குழந்தையின் கை பட்டோ நகர்ந்து மேலேறிவிடக் கூடும். புதிதாகச் செலுத்தும்போது மூச்சுக்குழலுக்குள் போய்விடுவதும் உண்டு. குழாயைச் செலுத்தியவுடன், அது மூக்கைத் தொடும் இடத்தில் அழியாத மையினால் ஒரு கோடு இடச் செய்யுங்கள். ஒவ்வொரு வேளையும் ஊட்டுமுன் அந்தக் கோடு நகர்ந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். பிறகு சிரிஞ்சினால் சிறிது இரைப்பை நீரை இழுத்து, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் ஒரு துளி இடவேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் குழாய் இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேல் காட்டினாலோ, நீரே வராவிட்டாலோ, கோடு நகர்ந்திருந்தாலோ ஊட்டாமல் செவிலியரைக் கேட்பதே முறை. அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து உண்ணும் குழந்தைக்கு இந்த எண் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குழாயில் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, 'குபுக்' என்ற ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. நம் ஊர்களில் பலருக்கு அதையே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்த ஒலி வயிற்றில் கேட்கக்கூடும் என்பதால், அதை நம்பக்கூடாது என்று பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு நிறுவனம் 2005-இலேயே எச்சரித்துவிட்டது. நீல லிட்மஸ் தாளும் போதாது என்பது அந்த எச்சரிக்கையின் மற்றொரு பகுதி.

வயிற்றுக் குழாய் வைத்த குழந்தைக்கு வேறொரு தொல்லை நேரலாம். உள்ளே சிறு பலூன் ஒன்று நீர் நிரம்பி, குழாய் வெளியே வராமல் தாங்கி நிற்கும். குழாய் மெல்ல மெல்ல உள்ளே இழுபட்டால், அந்தப் பலூன் இரைப்பையின் வாயிலில் போய் அடைத்துக்கொள்ளும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை இன்று ஒவ்வொரு வேளையும் வாந்தியெடுத்தால் இதனை நினைக்கவேண்டும். செலவைக் கருதி, சிறுநீர்க் குழாயையே வயிற்றுக் குழாயாகப் பயன்படுத்தும் இடங்களில் இது மிகுதி. ஏனெனில் தோலின் மேல் அதை நிறுத்தும் தட்டு அதற்கு இல்லை. வெளியே தெரியும் குழாயின் நீளத்தை அளந்து குறித்து வைத்தால் ஒரு பார்வையில் பிடிபடும். நீளம் குறைந்திருந்தால், மருத்துவமனையில் காட்டித் தந்தபடி, தடை தட்டும்வரை மெதுவாக வெளியே இழுத்து, மறுபடி ஒட்டவேண்டும். எளிதில் வராவிட்டால் வலிந்து இழுக்கலாகாது.

அவசரமே பெரும்பகை

குழாய் சரியாக உள்ளது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது வேகம். இங்கேதான் பெரும்பாலான வீடுகளின் தொல்லை இருக்கிறது என்பது என் எண்ணம். தாய்க்கு ஆயிரம் வேலை. சமையல் அடுப்பில், மூத்தவன் பள்ளிக்குப் புறப்படவேண்டும். சிரிஞ்சில் பாலை ஊற்றி, உள்தண்டினால் அழுத்தி, ஐந்து நிமிடத்தில் 200 மில்லிலிட்டரை உள்ளே அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. வாய்வழியே குடிக்கும் குழந்தை அதே அளவைக் குடிக்க எத்தனை நேரம் எடுத்துக்கொள்ளும்? இடையிடையே நிறுத்தும், மூச்சு வாங்கும், வேடிக்கை பார்க்கும். குழாயில் போகும் பாலுக்கு அந்த இடைவெளிகளை நாமேதான் கொடுக்கவேண்டும்.

உள்தண்டை எடுத்துவிட்டு, சிரிஞ்சைப் புனல்போல் பிடித்து, பால் தன் எடையினாலேயே இறங்கும்படி விடுவதே வழக்கமான முறை. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். சிரிஞ்சை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். குழந்தையின் வயிற்று மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வைத்தால் போதும். குழந்தை முகம் சுளித்தாலோ ஓங்கரித்தாலோ குழாயை மடித்துப் பிடித்துச் சற்று நிறுத்தி, அமைதியான பின் தொடரலாம். சிரிஞ்சு முழுதும் காலியாகுமுன் அடுத்த பாலை ஊற்றிவிட்டால் காற்று உள்ளே போகாது.

அரை மணி நேரமாக்கியும் நிற்கவில்லை என்றால், நாள் முழுவதற்குமான அளவைக் குறைக்காமல் வேளைகளைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து வேளை 200 என்பதும் எட்டு வேளை 125 என்பதும் ஒரே 1000 தான். பகலில் சிறு அளவுகளும், இரவில் பம்பு கொண்டு சொட்டுச் சொட்டாகவும் கொடுப்பதும் உண்டு. பல குழந்தைகளுக்கு அது பெரிதும் உதவியிருக்கிறது. குழாய் சிறுகுடல்வரை வைக்கப்பட்ட குழந்தைக்கோ சிரிஞ்சில் மொத்தமாக ஊட்டுவது ஒருபோதும் ஆகாது. குடலுக்கு இரைப்பையைப் போலத் தேக்கிவைக்கும் இடமில்லை. எதுக்களிப்பைத் தடுக்க இரைப்பையில் அறுவை செய்துகொண்ட சில குழந்தைகள், வேகமாக ஊட்டினால் வெளிறி வியர்த்து நெஞ்சு படபடக்கக் காணப்படுவர். அதனை வலிப்பு என்றெண்ணிக் கலங்குபவர் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அவர் ஊட்டும் வேகத்தைத்தான் முதலில் கேட்பார்.

படுத்த நிலையில் ஊட்டக்கூடாது என்பது எல்லாரும் அறிந்ததே. தலையும் மார்பும் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கவேண்டும். ஊட்டிய பின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே. ஆனால் தலையணைகளை அடுக்கிவிட்டால் போதாது. தளர்ந்த உடலுடைய குழந்தை அதில் வளைந்து சரிந்து, வயிறு மடிந்து நசுங்கிவிடுகிறது. இடுப்பு பின்னால் ஒட்டி, முதுகு நேராக இருக்கும்படி அமர்த்தவேண்டும். குளிப்பாட்டுதல், உடற்பயிற்சி, சளி உறிஞ்சுதல் ஆகியவற்றை ஊட்டுமுன்பே முடித்துக்கொள்க. ஊட்டுமுன் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக் குழாயைத் திறந்து விட்டால், தேங்கிய காற்று தானே வெளியேறும். அழுது காற்றை விழுங்கிய குழந்தைக்கு இதுவே ஏப்பம்.

அடிவயிற்றைப் பாருங்கள்

மேலே வாந்தி, கீழே மலச்சிக்கல் என்ற தொடர்பை வீடுகளில் எவரும் எண்ணுவதில்லை. நடமாட்டமில்லாத, தசை இறுகிய குழந்தைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணம். பெருங்குடலில் மலம் தேங்கினால் இரைப்பையும் மந்தமாகி, பால் கீழிறங்காமல் எதுக்களிக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறது, கெட்டியாகவா, உருண்டை உருண்டையாகவா என்று பாருங்கள். சில வேளைகளில் கட்டிய மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசியும்; அதனை வயிற்றுப்போக்கு என்று கொண்டு பாலை நிறுத்துவது இரட்டைத் தீங்கு. போதிய தண்ணீரும், மருத்துவர் தரும் மலமிளக்கியும் ஒழுங்காகக் கொடுத்தால் வாந்தி நின்றுவிட்ட குழந்தைகள் பலர். பாட்டி கை வைத்தியமாக விளக்கெண்ணெயை வாயில் ஊற்ற முன்வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் அழற்சி உண்டாகும்.

உண்மையான வயிற்றுப்போக்கு என்றால் அண்மையில் தொடங்கிய மருந்துகளை நினைவுகூருங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதற்குப் பேர்போனவை. இனிப்புக்காகச் சார்பிட்டால் சேர்த்த திரவ மருந்துகளும் வயிற்றைக் கலக்கும். ஒரே நாளில் மூன்று நான்கு திரவ மருந்துகள் குழாயில் போகும் குழந்தைக்கு அதுவே போதும். அடுத்தது தூய்மை. கரைத்த மாவுப்பாலை அறைச் சூட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் சித்திரை வெயிலில் அத்தனை நேரம்கூடக் காத்திருக்காமல் அவ்வப்போது கரைப்பதே நன்று. சிரிஞ்சைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்காமல், ஈரத்தோடு டம்ளரில் போட்டு மூடி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்.

ஒன்று கவனிக்க: வயிற்றுப்போக்கு கண்டவுடன் பாலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யும் வழக்கம் பயன் தராது. குழந்தைக்குச் சத்து குறைகிறதே ஒழிய வேறொன்றும் நிகழ்வதில்லை. இழந்த நீருக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துத் தனியே குழாயில் கொடுக்கலாம். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

பாலும் வீட்டுணவும்

இத்தனையும் பார்த்த பிறகு பாலின் மேல் சந்தேகம் கொள்ளலாம். மலத்தில் இரத்தமோ சளியோ, தோலில் தடிப்போ சேர்ந்து காணப்பட்டால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கக்கூடும். புரதம் உடைக்கப்பட்ட தனிவகை மாவுகள் அதற்கு உண்டு. ஒவ்வாமை இல்லாவிடினும் தயிர்த்தெளிவின் புரதமுள்ள உணவு சில குழந்தைகளின் இரைப்பையை விரைவில் கடக்கிறது என்பதை, வயிற்றுக் குழாய் கொண்ட மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் 1992-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விலை மிகுந்தவை அவை. ஆதலால் அக்கம்பக்கத்தார் சொல் கேட்டு டப்பாக்களை மாற்றிக்கொண்டிருப்பது பணத்துக்கும் கேடு, குழந்தைக்கும் கேடு. மற்றொன்றும் உண்டு: அசைவு குறைந்த குழந்தைக்கு ஓடியாடும் குழந்தையின் அளவு கலோரி தேவைப்படுவதில்லை. வயதுக்கணக்கில் மிகையாக ஊட்டப்பட்டு அதனாலேயே வாந்தியெடுக்கும் குழந்தையும் உண்டு. எடையும் வளர்ச்சியும் பார்த்து அளவைத் திருத்துவது மருத்துவர் வேலை.

நம் தாய்மார் ஆவலோடு கேட்பது, "வீட்டுச் சாப்பாட்டை அரைத்துக் கொடுக்கலாமா?" என்பதே. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இதனை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். எதுக்களிப்பு அறுவைக்குப் பின் ஓயாது ஓங்கரித்துக்கொண்டிருந்த 33 குழந்தைகளுக்கு, கணக்கிட்டு அரைத்த உணவை வயிற்றுக் குழாயில் கொடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் ஓங்கரிப்பு பெருமளவு தணிந்தது. கெட்டியான உணவு எளிதில் மேலே எதுக்களிக்காது என்பது காரணமாகலாம். எனவே கேள்வி நியாயமானதே. ஆனால் மூக்கிலுள்ள மெல்லிய குழாய்க்கு இது ஆகாது, அடைத்துக்கொள்ளும். அகன்ற வயிற்றுக் குழாய்க்கே பொருந்தும். மற்றொன்று, பருப்புத் தண்ணீரும் வடிகஞ்சியும் உணவென்ற பெயருக்கு உரியவை அல்ல; பருப்பு கீழே நிற்க, தண்ணீர்தான் குழாயில் போகிறது. அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய், காய் எல்லாம் எத்தனை கிராம் என்று உணவியலாளர் கணக்கிட்டுத் தரவேண்டும். அரைத்து வடிகட்டியதை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடவேண்டும்.

கஞ்சி கெட்டியாகிக் குழாயில் இறங்காவிட்டால் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதுதான் வழக்கம். அதற்கு நம் பாட்டிமார் அறிந்த வழி ஒன்று இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவைச் சிறிதளவு சூடான கஞ்சியில் கலந்தால், சில நிமிடங்களில் கஞ்சி தானே இளகிவிடும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளை உடைப்பதே காரணம். பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இதைக் குழந்தை உணவுக்கென ஆராய்ந்தனர். கலந்தபின் மீண்டும் ஒரு கொதி விட்டு வடிகட்டவேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும். வேகத்தையும் பாலையும் மருந்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது குணம் தந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஊட்டிய மணி, அளவு, எத்தனை நிமிடம், குழந்தை இருந்த நிலை, வாந்தி எப்போது, என்ன நிறம், எவ்வளவு, மலம், மருந்து, வாரம் ஒருமுறை எடை. ஊட்டி முடித்த உடனே வாந்தி வருவதும், இரண்டு மணி நேரம் கழித்து வருவதும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டும். இருமலின் முடிவில் வருவது வேறொன்று. "எப்போதும் வாந்திதான் டாக்டர்" என்று சொல்லும் தாய்க்கு மருத்துவர் ஒரு மருந்தை எழுதித் தருவார். நோட்டைக் காட்டும் தாயிடம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வார்.

ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கலாகாத நிலைகளும் உண்டு. பச்சை நிற வாந்தி, இரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி, கல்போல் இறுகி உப்பிய வயிறு, ஊட்டும்போது மூச்சுத் திணறலோ நீலம் பாய்தலோ, காய்ச்சலோடு துவளுதல், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் எது கண்டாலும் ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு விரைக. வயிற்றுக் குழாய் கழன்று விழுந்துவிட்டாலும் அவ்வாறே. அந்தத் துளை சில மணி நேரத்தில் மூடத் தொடங்கும். விழுந்த குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு சொல். நாளில் ஆறு முறை, முறைக்கு அரை மணி என்றால், மூன்று மணி நேரம் ஒரு பெண் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவசரம் அங்கிருந்தே பிறக்கிறது. தந்தையும், வீட்டில் மற்றும் ஒருவரும் மருத்துவமனையிலேயே செவிலியர் முன் செய்துகாட்டிக் கற்றுக்கொள்ளவேண்டும். இரவு வேளை தந்தையுடையதாக இருக்கட்டும். வாய்வழி உண்ணாத குழந்தைக்கும் காலை மாலை பல்லைத் துடைத்துவிடவேண்டும். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். கிறிஸ்மஸ் நாளில் உறவினர் கேக்கைக் கிள்ளி வாயில் வைக்க வந்தால், விழுங்கும் திறனைச் சோதித்த மருத்துவர் அனுமதித்திருந்தால் அன்றி வேண்டா. அதற்குப் பதிலாக, இரவுச் செபம் முடிந்து எல்லாரும் உண்ண அமரும்போது, குழந்தையையும் நேராக அமர்த்தி அதே நேரத்தில் ஊட்டுங்கள். குழம்பின் மணம் அதற்கும் தெரியும். வீட்டார் மெதுவாக உண்டு முடிக்கும் அரை மணி நேரம், சிரிஞ்சிலிருந்து பால் இறங்கவும் சரியாக இருக்கும்.